சேற்றுக்கு நடுவே தெரிந்த கோடுகள்

நேற்றைய மழைக்கு எங்கள் தெருவில் தண்ணீர் நின்று வடிந்தது. இன்று காலை மாநகராட்சி ஆட்கள் வந்து வாசல் வாசலாக பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போனார்கள். கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், உன் வீட்டுக் குளியலறை கண்முன் வந்துவிட்டது. மூலையில் நீல வாளி. அதில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் இரண்டு நாளாக ஊறும் சங்கும் சோழியும். கதவுக்கு வெளியே உன் வீட்டுக்காரர், "இன்னிக்காவது என்னைக் குளிக்க விடுவியா, இல்ல குளத்துக்குப் போகட்டுமா?" என்று கேட்பார். நீ பழைய பல் துலக்கியால் சங்கின் வாயைத் தேய்த்துக்கொண்டிருப்பாய்.

நீ போய் ஒரு வருஷம் முடியப்போகிறது. உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நினைத்ததில்லை. உயிரோடு இருந்தபோதே உனக்கு நான் எழுதியதெல்லாம் போனில் நாலு வார்த்தைதான். ஆனால் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மீனவர் குப்பத்து மாரியக்காவை நத்தை குத்திய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. அன்று நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதிப் பாதி என்னிடம் இருந்தது. இன்றைக்கு எழுதாவிட்டால் இனி எழுதமாட்டேன் என்று தெரிகிறது. கடைக்கு வருகிறவர்கள் காத்திருக்கட்டும்.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நீ முதலில் வந்தது கண்ணாடி வாங்க அல்ல. "கடிகாரம் ரிப்பேர் பண்றவா கண்ணுல மாட்டிப்பாளே, அந்த மாதிரி லென்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டாய். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டதும், மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்து தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கூட்டை எடுத்து கவுண்டரில் வைத்தாய். விரல் நீளம். ஐஸ்கிரீம் கோனைத் தலைகீழாகப் பிடித்ததுபோல ஒரு வடிவம். "கூம்பு நத்தைன்னு பேரு. இதோட தோள்ல பல்லு பல்லா மேடு இருக்கா இல்லையான்னு பாக்கணும்" என்றாய். நத்தைக்குத் தோளா என்று சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. லென்ஸை என் கண்ணில் வைத்து, கூட்டை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்கோ" என்றாய். பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரையில் உன்னோடு குனிந்து நடந்துகொண்டிருந்தேன். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று யார் கண்டது.

நீ தியாகராய நகரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. கூட்டைச் சேர்ப்பதிலும் ஃபைல் வேலை உன்னை விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு. எங்கே கிடைத்தது, என்றைக்கு, யார் கை எடுத்தது, எடுத்தபோது உயிர் இருந்ததா இல்லையா. கடைசியில் பேர். அந்தப் பேரை மட்டும் பென்சிலில் எழுதவேண்டும். நாம் இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் மை. "பென்சில்ல இருக்கறவரைக்கும் அது வெறும் அபிப்பிராயம்டி" என்பாய். சிலது மூன்று மாதம்வரை பென்சிலிலேயே கிடந்தது. அவசரப்பட்டு நீ ஒன்றுக்கும் மை போட்டதில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்ததை நீ மறந்திருப்பாய். வெளுத்த, கனமான, புள்ளி வரிசை போட்ட ஒரு கூட்டுக்கு நான் ஒரு பேர் சொன்னேன், நீ வேறு பேர் சொன்னாய். நான் விடாப்பிடியாக நின்றேன். கடைசியில் நீ சொன்னதுதான் சரி. அதோடு விட்டிருக்கலாம். கடற்கரையில் நம்மோடு நடக்க வரும் ஏழெட்டுப் பேருக்கு நடுவில், "கண்ணாடிக்கடைக்காரிக்கே கண்ணாடி போடணும்போல இருக்கே" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். இருபது வருஷம் கடையில் நின்று ஊரார் கண்ணையெல்லாம் பார்த்தவள் நான். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்துவிட்டது. இவ்வளவு சின்ன விஷயம் என்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கு நான் முன்னால் போய்விட்டேன். நீ முனையில் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொன்னாய். மாரியக்கா படகு ஓரமாக மணலில் உட்கார்ந்து நண்டு வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வலையில் சிக்கும் சங்கு, நத்தையையெல்லாம் நமக்காக ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டுவைப்பாளே, அது அன்று காலியாக இருந்தது.

"இன்னாமா, கூட்டாளி வர்ல?"

"டீக்கடையில இருக்கா, வருவா. என்ன அக்கா, வலை இப்படிக் கிழிஞ்சு கிடக்கு?"

"அத்த ஏன் கேக்குற. ராவெல்லாம் தண்ணி இஸ்துக்கினு போய் பார் மேல போட்டுடுச்சு. பாரு, பாதி வலை நாஸ்தி."

பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டு. எப்போதும் மணலிலும் சேற்றிலும் கிடக்கும் அவர்கள் வலை அன்று பாறைக்குப் போய் வந்திருக்கிறது. இதை நான் கேட்டேன். நீ கேட்கவில்லை. டீக்கடையில் இருந்தாய்.

நீ வந்து சேர்ந்தபோதுதான் மாரியக்கா வலையை உதறினாள். அது மணலில் விழுந்தது. ஒரு விரலுக்குமேல் நீளம். உடம்பெல்லாம் சேறு, சேற்றுக்கு அடியில் பழுப்புத் தோல். முனையில் வெள்ளையாக ஏதோ மெல்ல வெளியே வந்து உள்ளே போனது. உயிருள்ள கூம்பு நத்தை! மூன்று வருஷத்தில் நமக்கு உயிரோடு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் அலை அடித்து, வெயில் காய்ந்து, பளபளவென்று கிடக்கும் காலிக் கூடுகள். உயிரோடு இருக்கும்போது அது கூட்டின்மேல் ஒரு தோலைச் சட்டைபோலப் போட்டுக்கொண்டிருக்கும் என்று படித்திருந்தோம், பார்த்ததில்லை. நம் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. இறந்ததை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் உயிருள்ளதற்குப் பேர் வைக்கப் போனோம்.

நீ மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு குச்சியால் அதைப் புரட்டினாய். ஆரஞ்சும் பழுப்புமாக, இடையே வெள்ளை முக்கோணங்கள் அங்கங்கே தெரிந்தன. அப்படி முக்கோணம் போட்டவை இரண்டு வகை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்று அமாடிஸ். தோள் வெட்டினதுபோல இருக்கும், உச்சி ஊசியாக நிற்கும், நம் கரையோர மணலில் சாதாரணமாகக் கிடைப்பது. அதனால் மனுஷருக்கு ஆபத்து வந்ததாக நாம் எங்கும் படித்ததில்லை. இன்னொன்று டெக்ஸ்டைல். தோள் உருண்டு, இடுப்பு உப்பி இருக்கும். அதன் பழுப்புத் திட்டுகளுக்குள்ளே மெல்லிய, நெளிந்த கோடுகள் ஓடும். பாறையும் பவளமும் இருக்கும் இடத்தில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது.

"அமாடிஸ்தாண்டி" என்றாய். "இந்தப் பக்கம் பூரா மணலும் சேறுந்தானே. டெக்ஸ்டைலுக்குப் பார் வேணும். உச்சி பாரு, எவ்ளோ கூர்மையா இருக்கு." உன் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில். பையிலிருந்து சீட்டை எடுத்து அங்கேயே பேனாவால் எழுதினாய். என்னைக் கேட்கவில்லை.

வலைக்கயிறு உரசி, நத்தையின் வாய்ப்பக்கம் ஒரு இடத்தில் தோல் கழன்றிருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. நான் நின்ற பக்கத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. காப்பிக் கலரில், மேலிருந்து கீழே நெளிந்து இறங்கும் கோடுகள். ஒன்று இரண்டு அல்ல, நிறைய. லென்ஸ் தேவைப்படவில்லை.

நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று உனக்குச் சொல்லவேண்டும். பயமோ குழப்பமோ இல்லை. வீட்டுக்குப் போய் வாளியில் போட்டுக் கழுவட்டும், கோடு தெரியட்டும், தானாக வந்து "நீ சொல்லு, இது என்ன" என்று கேட்கட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மை போட்ட சீட்டை நீ கிழிக்கவேண்டியிருக்கும். அதைப் பார்க்க ஆசைப்பட்டேன். இவ்வளவுதான் காரணம்.

"கையில எடுக்கலாமாமா?" என்று மாரியக்கா கேட்டாள்.

"தாராளமா. இது ஒண்ணும் பண்ணாது மாரி. அலையில கொஞ்சம் கழுவிக் குடேன், கலரைப் பாக்கணும்."

அவள் குனிந்து எடுத்தாள். அங்கிருந்து தண்ணீருக்குப் பத்தடி இருக்கும். பத்தடியும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "அக்கா, கீழ போடு" என்று சொல்ல மூன்று வார்த்தை. தொண்டைவரை வந்தது என்றுகூடப் பொய் சொல்லத் தோன்றுகிறது. வரவில்லை. இதோ இப்போதே கழுவப்போகிறாள், இங்கேயே எல்லார் முன்னாலும் தெரிந்துவிடும் என்று என் மனசு குதித்தது.

அவள் கட்டைவிரலால் சேற்றைத் தேய்த்தாள். "ஸ்ஸ்… இன்னாவோ குத்திச்சு" என்று கையை உதறினாள். நத்தை ஈர மணலில் விழுந்தது. ஒரு அலை வந்து அதை உருட்டிக் கழுவிவிட்டுப் போனது. நீ கிட்டே போய்க் குனிந்தாய். நிமிர்ந்தபோது உன் முகத்தில் ரத்தம் இல்லை.

"தப்பா சொல்லிட்டேன்" என்றாய். மெதுவாக அல்ல, குப்பத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "மாரி, உக்காரு. கையை அசைக்காதே. ஏண்டி மரம் மாதிரி நிக்கற, உன் துப்பட்டாவைக் குடு. ஆட்டோ கூப்பிடுங்கோ யாராவது!"

மாரியக்கா சிரித்தாள். "தேனீ கொட்னா மாரி கீது, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா." அவளை இழுத்து ஆட்டோவில் போட்டோம். நீ அவள் கையை விரலிலிருந்து முழங்கைவரை என் துப்பட்டாவால் இறுக்கிச் சுற்றினாய். பெயின்ட் டப்பாவில் நத்தை என் மடியில் இருந்தது. டப்பாவின் சுவரில் நத்தை உரசும் சத்தம் வழியெல்லாம் கேட்டது. அடையாறு சிக்னலில் நின்றபோது, "கட்டைவிரல் எங்க கீதுன்னே தெரில" என்றாள். இறங்கும்போது, "உதடு மரத்துப்போன மாரி கீதுமா" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. வார்த்தை குழறியது.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். "நத்தையா? நத்தை கடிச்சதுக்கா இவ்வளவு அவசரம்?" என்றார். நர்ஸ் சிரிப்பை அடக்கினாள். நீ அவர் சட்டையைப் பிடிக்காத குறை. "டாக்டர், மருந்து கிடையாது, தேடாதீங்கோ. மூச்சைப் பாருங்கோ. மூச்சு நின்னா நீங்கதான் குடுக்கணும். இன்னும் எட்டு மணி நேரத்துக்கு இவளை விட்டு நகரக்கூடாது." அவர் மாரியக்காவின் கண்ணைப் பார்த்தார். இமை தானாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவரும் சிரிக்கவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து கேட்டார். "அந்த வகைதானா? நிச்சயமா? அதுக்கேத்த மாதிரி மூச்சு மெஷினைத் தயாரா வைக்கணும்."

நீ டப்பாவைக் காட்டினாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீ சொல்லு. ரெண்டு பேரும் ஒத்துண்டாத்தான் பேர். என் கண்ணை நான் இனிமே நம்பமாட்டேன்."

"கோடு இருக்கு. டெக்ஸ்டைல்தான்" என்றேன்.

"நீங்க எப்பப் பார்த்தீங்க?" என்றார் டாக்டர். அவர் குற்றம் பிடிக்கக் கேட்கவில்லை. குத்திய நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார், அதோடு சேர்த்துக் கேட்டார்.

"அலையில கழுவினப்புறம்" என்றேன்.

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

கண்ணாடிக் கதவு வழியாக மாரியக்காவின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றோம். நீ கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினாய். பதினாறு. பதினான்கு. பன்னிரண்டு. பன்னிரண்டு என்றபோது உன் உதடு கோணியது. நான் தெரிந்த துஆவையெல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன். அல்லாஹ்விடம் அவளைக் கேட்டேனா, என் பொய் வெளியே வராமல் இருக்கக் கேட்டேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாரியக்காவின் புருஷன் கடலிலிருந்து கரையேறி அப்படியே ஈர லுங்கியோடு வந்தார். "அது ஒண்ணும் பண்ணாதுன்னு எவ சொன்னது?" வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நீ ஒரு அடி முன்னால் வந்தாய். "நான்தான் சொன்னேன். முழுக்க என் தப்பு. இவளுக்கு இதுல சம்பந்தம் இல்ல." இவள் என்றது என்னை. அவர் உன்னை என்னென்ன சொன்னார் என்று எழுதமாட்டேன். நீ தலை குனியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

சாயங்காலம் மூச்சு பதினாறுக்கு வந்தது. இமை தூக்கியது. "பசிக்குது" என்றாள். நீ அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாய். நானும் அழுதேன். என் அழுகையையும் உன்னுடையதைப் போலவே எண்ணி, நீ என் தலையைத் தடவிவிட்டாய்.

அவள் பிழைத்தாள், கட்டைவிரல் மட்டும் மாதக்கணக்கில் மடங்கவில்லை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு நண்டைக் கழற்ற முடியாது. அந்த வேலையை நீ எடுத்துக்கொண்டாய். மீன் கூடை எதிரே வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலையின் அந்தப் பக்கம் போகிறவள், சனியும் ஞாயிறும் விடிகாலையில் அவள் வாசலில் போய் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு எடுத்தாய். விரலெல்லாம் கொடுக்கு கிழித்த காயம். "ஆத்துல சொல்லலைடி, குளிச்சுட்டுத்தான் உள்ள போறேன்" என்று சிரித்தாய். திட்டிய அந்த மனுஷனே ஒரு நாள் உனக்கு ரப்பர் கையுறை வாங்கி வந்து கொடுத்தார். கூடுகளை நீ திரும்பத் தொடவில்லை.

எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்டு எடுத்து முடித்து, நாம் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். நீ காயத்தில் மருந்து தடவிக்கொண்டே நேராகக் கேட்டாய்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு உனக்குச் சந்தேகமே வரலையா?"

"வரல" என்றேன்.

"அப்ப சரி. உன் கண்ணுக்கே தெரியலைன்னா, அது தெரியற மாதிரி இல்லன்னு அர்த்தம்" என்றாய். ஒரு பெருமூச்சு விட்டாய். அந்தப் பெருமூச்சை வைத்துக்கொண்டு நான் நாட்களை ஓட்டினேன். என் பொய் உனக்கு ஆறுதலாகத்தானே இருக்கிறது, சொன்னால் உனக்குத்தானே வலிக்கும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். ஆனால் உன் நண்டுக் காயம் ஆறவே இல்லை. ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று வந்தது.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய். நாலாம் நாள் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். போனில் அவரால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நான் வந்தபோது கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் கையைத்தான் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போய் மாரியக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பார் மேல் வலை போனது எனக்குத் தெரியும் என்பதை, கோடு பார்த்ததை, பத்தடி பார்த்துக்கொண்டு நின்றதை. அவள் கை வலையில் வேலை செய்துகொண்டே இருந்தது. நான் சொல்லி முடித்ததும் நிறுத்தினாள்.

"பாத்துட்டுத்தான் கம்முனு இருந்தியா?"

"ஆமா அக்கா."

"என் விரல் போனாப் போவுது, நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட கீறன். இத்த அவங்க கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"இந்த வாசல்ல குந்திக்கினு நண்டு எடுத்தாங்களே, அப்பவுமா சொல்லல?"

"இல்ல அக்கா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? இத்த காதால கேக்க வேண்டியவங்க கேக்காமயே போய்ட்டாங்களே" என்றாள். மறுபடி குனிந்து வலையை எடுத்துக்கொண்டாள்.

அந்த வார்த்தையோடுதான் ஒரு வாரமாக நடமாடிக்கொண்டிருக்கிறேன். கடையில் எதிரே உட்கார்கிறவர்களிடம், "இந்த வரி தெரியுதா? இதுக்குக் கீழ? தெரியறத மட்டும் சொல்லுங்க" என்று நாள் முழுக்கக் கேட்கிறேன்.

நீ அவசரப்பட்டு ஒரு பேர் சொன்னாய், அது மட்டும்தான் உன் தப்பு. தெரியாமல் செய்தாய். தெரிந்தவள் பக்கத்தில் நின்றாள். அன்று கடற்கரைச் சுவரில் நீ கேட்டதற்கு என் பதில் இது: சந்தேகம் வரவில்லை என்பது உண்மைதான். எனக்கு நிச்சயமாகவே தெரிந்திருந்தது.